மயக்கமில்லா நாட்கள்

உலக மருத்துவ வரலாற்றை எழுதப் போகிறவர்கள் இனி அதை இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும்: ஓசூர் எல்லை மாரியம்மன் கோயிலில் மயக்கம் ஒழிக்கப்படுவதற்கு முன், ஒழிக்கப்பட்டதற்குப் பின். பெரியம்மையை ஒழிக்கப் பல நாட்டு விஞ்ஞானிகள் பல தலைமுறை பாடுபட்டார்கள். போலியோவை ஒழிக்கச் சொட்டு மருந்தோடு வீடு வீடாக அலைந்தார்கள். மயக்கத்தை ஒழிக்கவோ ஊசி தேவைப்படவில்லை, மாத்திரை தேவைப்படவில்லை. ஒரு பலகை, ஒரு பவர்பாயிண்ட், மதிய உணவோடு கூடிய தொடர்கல்வி. அவ்வளவுதான்.

இந்தச் சாதனையில் சிஸ்டர் தங்கமணியின் பங்கு மகத்தானது. ஒழிக்கப்பட்ட மயக்கங்களில் ஒன்று அவளுடையது.

கோயில் தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டி, கர்நாடக எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அம்மனுக்குத் தமிழில் வேண்டிக்கொள்வார்கள், தெலுங்கில் புலம்புவார்கள், கன்னடத்தில் கணக்குக் கேட்பார்கள். மூன்று ஷிஃப்ட் ஆட்களும் வருவதால் அம்மனுக்கும் மூன்று ஷிஃப்ட். பக்கத்தில் பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்று, சமூகப் பொறுப்பு பொங்கி வழிந்த ஒரு நிதியாண்டின் கடைசி வாரத்தில், கோயிலுக்கு ஒரு 'நலவாழ்வு மையம்' கட்டிக் கொடுத்தது. ஒரு கட்டில், ஒரு பி.பி. கருவி, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், இவை மூன்றையும் சேர்த்து வைத்தாலும் அவற்றைவிடப் பெரிய கம்பெனிப் பெயர்ப்பலகை. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வேண்டுமே? தங்கமணி வந்தாள்.

தங்கமணி நாகரசம்பட்டிக்காரி. அப்பாவுக்கு மாந்தோப்பு, மகளுக்கு நர்ஸிங் படிப்பு. படித்து முடித்ததும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் சேர்ந்தாள். அந்தத் தொழிற்சாலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. தினமும் காலையில் கொக்கியில் மாட்டிய இரும்புத் தகடுகளை மாற்றி எண்ணை ஏற்றுவார்கள். எண் ஒரு உயரத்தைத் தொட்டால் எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ் பரிசு. ஹாட் பாக்ஸ் வருவதற்கு இரண்டு நாள் இருக்கையில் பிரஸ் மிஷினில் ஒருவனின் விரல் நுனி நசுங்கியது. தங்கமணி 'விரல் நுனி நசுங்கியது' என்று எழுதிவிட்டாள். அனுபவசாலியாக இருந்திருந்தால் 'நகம் வெட்டும்போது சிறு கீறல்' என்று எழுதியிருப்பாள். பலகை பூஜ்யத்துக்கு இறங்கியது. கட்டுப்போட்ட கையோடு விரல்காரனே வந்து கேட்டான்:

"ஏன் சிஸ்டர், விரல் என்னுது. உங்களுக்கு என்னா வந்துது? எங்க வீட்ல ஹாட் பாக்ஸ் இல்லைங்க."

அந்த வருஷம் அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அப்புறம் ஊரில் மாங்காய் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கோயிலுக்குக் கூப்பிட்டவர் சிவராஜ். அதே தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோயில் அறக்கட்டளையின் செயலாளர். ஓய்வு பெறும்போது மற்றவர்கள் கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள். சிவராஜ் அந்தப் பழைய பலகையை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். 'விபத்தில்லா' என்ற எழுத்தின் மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்து, 'மயக்கமில்லா' என்று சிவப்பில் எழுதி, கோயில் வாசலில் மாட்டினார். மையம் கட்டிக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து நெகிழ்ந்து போனார்கள். எண் நன்றாக ஏறினால் 'பாதுகாப்பான ஆலயம்' விருதும், அதோடு நலவாழ்வு மையத்துக்கு அடுத்த வருஷ நிதியும் உண்டு என்றார்கள்.

நேர்முகத் தேர்வில் சிவராஜ் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சிஸ்டர், இப்பல்லாம் எழுதறதுக்கு முன்னாடி யோசிக்கிறீங்களா?"

"யோசிக்கிறனுங்க சார்."

"போதும். நாளைக்கே வந்துருங்க."

தொடர்கல்வியின் முதல் பாடம் அதுதான். சான்றிதழ் மட்டும் தரவில்லை.

ஆடி முதல் வெள்ளி. வரிசை கோயிலைச் சுற்றி வளைந்து டீக்கடை வரை நின்றது. வரிசையில் இருளாயியும் அவள் புருஷன் வெள்ளைச்சாமியும் நின்றார்கள். பரமக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவனுக்கு அந்தப் பிரேக் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலை. அவள் அதே கம்பெனி கேண்டீனில் காய் நறுக்குகிறவள். இருளாயிக்குச் சர்க்கரை நோய். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விரதம் என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தாள். சந்நிதிக்கு எதிரே வந்ததும் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கம்பியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள்.

தங்கமணி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் சிவராஜ் ஓடிவந்து நின்றார். இருளாயியைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பலகையைப் பார்த்தார். பிறகு தங்கமணியைப் பார்த்தார்.

"சிஸ்டர், அவசரப்படாம, நல்லாப் பாத்து, யோசிச்சிச் சொல்லுங்க. இது மயக்கமா? அருளா?"

தங்கமணிக்கு அந்த நசுங்கிய விரல் ஞாபகம் வந்தது. ஹாட் பாக்ஸ் ஞாபகம் வந்தது. ஊரில் மாங்காய் எண்ணியது ஞாபகம் வந்தது. யோசித்தாள்.

"அருள் மாதிரிதான் தெரியுதுங்க சார்."

"தாயே!" என்று சிவராஜ் கைகூப்பினார். வரிசை முழுக்கக் கைகூப்பியது, தங்கமணியும்தான். பம்பை முழங்கியது.

"ஐயா, அவளுக்குச் சுகரு இருக்குய்யா," என்று வெள்ளைச்சாமி கூட்டத்துக்குள் கத்தினான். "காலையில இருந்து ஒண்ணும் திங்கலை. மாத்திரைய மட்டும் முழுங்கிட்டு வந்துட்டா."

"தம்பி, சாமி வந்த உடம்பப் பத்தி அப்படிப் பேசக் கூடாது. தள்ளி நில்லுங்க. தொடாதீங்க."

நல்லவேளையாக, பக்தி மிகுந்த யாரோ ஒருத்தி அம்மனுக்குப் படைத்த பஞ்சாமிர்தத்தை வழித்து, வந்திறங்கிய அம்மன் வாயில் அப்பினாள். சற்று நேரத்தில் அம்மன் கண் திறந்து, "பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டது. அருள்வாக்குக்கு அர்த்தம் சொல்லக் கூட்டத்தில் நாலு பேர் போட்டிபோட்டார்கள்.

பலகையில் எண் ஏறியது. சிவராஜ் தங்கமணியிடம் வந்து, "வளந்துட்டீங்க சிஸ்டர்," என்றார். அவள் மையத்துக்குத் திரும்பினாள். பையைத் திறந்து, பயன்படுத்தாத குளுக்கோஸ் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

அடுத்த வெள்ளி இருளாயியை வரிசையில் நிற்கவிடவில்லை. மாலை போட்டு, மஞ்சள் புடவை கொடுத்து, மரச் சிம்மாசனம் ஒன்றில் உட்காரவைத்தார்கள். அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள். கையில் எப்போதும் இனிப்பாக ஏதாவது வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதனால் கேண்டீனில் கொடுக்கும் மாம்பழ ஜூஸ் பாக்கெட் ஒன்றை எப்போதும் மடியில் செருகியிருந்தாள். தலை லேசாகச் சுற்றினால் முந்தானைக்குள் தலையை விட்டு உறிஞ்சிக்கொள்வாள். அதன் பிறகு அவளுக்கு அருள் வரவில்லை. "அம்மன் மௌன விரதத்துல இருக்கா," என்று சிவராஜ் அறிவித்தார். கூட்டம் இன்னும் கூடியது.

ஒரு மேதையின் உள்ளுணர்வில் பிறந்ததை எல்லாரும் செய்யும்படி ஒழுங்குபடுத்துவதற்குப் பெயர்தான் கல்வி. சிவராஜ் பெங்களூரிலிருந்து 'டாக்டர்' அசோக்குமாரை வரவழைத்தார். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, கோட்டுப் போட்டிருந்தார். சுற்றுவட்டாரக் கோயில்களில் இப்படி நலவாழ்வு மையம் வைத்திருந்த எல்லா இடத்துக்கும் அழைப்புப் போனது. 'ஆலய செவிலியர் தொடர்கல்வி. கலந்துகொள்வோருக்குக் கல்விப் புள்ளிகள் வழங்கப்படும். புள்ளி இல்லாதோரின் பணி புதுப்பிக்கப்பட மாட்டாது.' அந்தப் புள்ளிகள் வேறெங்காவது செல்லுமா என்று கேட்கும் தைரியம் புள்ளி இல்லாதவர்களுக்கு ஏது? கல்லாவியிலிருந்தும் சிங்காரப்பேட்டையிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள்.

முதல் அமர்வு 'பனிக்கட்டியை உடைத்தல்'. ஒவ்வொருவரும் தன் பெயரையும், தனக்குப் பிடித்த உடல் உறுப்பையும் சொல்ல வேண்டும்.

"என் பேரு ஸ்வாதி. கல்லாவி அம்மன் கோயில். எனக்குப் பிடிச்சது கல்லீரல்," என்றாள் சென்ற வருஷம்தான் படித்து முடித்திருந்த ஒரு பெண்.

"அருமை! ஏன் கல்லீரல்?"

"எல்லாத்தையும் பொறுத்துக்குதுங்க சார்."

கைதட்டல். தங்கமணியின் முறை வருவதற்குள் நல்ல உறுப்புகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மண்ணீரலை எடுத்துக்கொண்டாள்.

இரண்டாம் அமர்வில்தான் அசோக்குமார் தன் வாழ்நாள் சாதனையைத் திரையில் காட்டினார். 'அருள் அறியும் வரைபடம்.' மேலே ஒரு கட்டம்: 'பக்தர் விழுந்தார்.' அதிலிருந்து அம்புக்குறிகள் கிளை கிளையாகப் பிரிந்து இறங்கின. கண் சொருகியிருக்கிறதா? ஆம், இல்லை. வேர்க்கிறதா? ஆம், இல்லை. பேச்சு குழறுகிறதா? ஆம், இல்லை. எந்தக் கிளையில் போனாலும், எத்தனை 'இல்லை' சொன்னாலும், கடைசியில் எல்லா அம்புக்குறிகளும் கீழே ஒரே கட்டத்தில் வந்து கூடின. அதில் தங்க நிறத்தில் 'அருள்' என்று எழுதி, இரண்டு பக்கமும் வேப்பிலை வரைந்திருந்தது.

"இதுல தப்பு பண்ணவே முடியாது," என்றார் அசோக்குமார். "அதுதான் இதோட அழகு."

"சார், விழுந்தவங்களுக்கு பி.பி. பாக்கலாங்களா?" என்று கேட்டாள் ஸ்வாதி.

"அம்மனுக்கு பி.பி. பாக்க நீங்க யாரும்மா?"

"சரிங்க சார். ஆனா ஒருத்தர் விழுந்து, மூச்சே விடலைன்னா?"

"ரொம்ப நல்ல கேள்வி. எல்லாரும் கைதட்டுங்க." தட்டினார்கள். "அது சமாதி நிலை. அட்வான்ஸ் கோர்ஸ்ல வருது."

மதியம் வெஜ் பிரியாணி. பிறகு தேர்வு. கேள்வி: 'பக்தர் ஒருவர் தரையில் விழுகிறார். செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? அ) படுக்கவைத்துக் கால்களை உயர்த்துதல். ஆ) நாடி பார்த்தல். இ) கைகூப்புதல். ஈ) இவை அனைத்தும்.' ஸ்வாதி 'ஈ' எழுதி மதிப்பெண் இழந்தாள். தங்கமணி எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதி முதலிடம் பெற்றாள். படிக்கும் காலத்தில்கூட அவள் முதலிடம் வந்ததில்லை. கற்றதை மறப்பதில் அவளுக்கு இவ்வளவு திறமை இருக்கும் என்று அவளே நினைத்துப் பார்க்கவில்லை. தேர்வில் தோற்றவர்களுக்கு மாலையில் தனிவகுப்பும் அவளே எடுத்தாள். "யோசிக்காதீங்க," என்று ஸ்வாதிக்குச் சொல்லிக்கொடுத்தாள். "முதல்ல கைகூப்பிடுங்க. கை ரெண்டும் சேந்துருச்சுன்னா அப்புறம் வேற ஒண்ணும் செய்யத் தோணாது."

நிறைவு விழாவை ஆடிக் கடைசி வெள்ளியில் வைத்தார்கள். விருது கொடுக்கக் கம்பெனி அதிகாரிகள் வருவதால் நர்ஸ்கள் அனைவரும் விரதம் இருந்து 'ஆன்மிக உடல்நிலை'யோடு வர வேண்டும் என்று உத்தரவு. எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சேலை. முதல் மாணவி என்பதால் தங்கமணி மட்டும் கையில் விளக்கேந்தி, விழா முடியும்வரை மேடைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

மேலே தகரக் கூரை. சிவராஜ் பேசினார். கம்பெனி அதிகாரி பேசினார். அசோக்குமார், தான் சுருக்கமாகப் பேசப் போவதாகப் பேசிக்கொண்டே இருந்தார். பிறகு எல்லாரையும் வெயிலில் நிற்கவைத்துக் குரூப் போட்டோ; பின்னால் இருந்த பேனர் படத்தில் முழுசாக விழவில்லை என்று மறுபடியும் போட்டோ. அதற்குப் பிறகு மறுபடியும் விளக்கு.

தங்கமணிக்கு முதலில் காது அடைத்தது. பிறகு அசோக்குமாரின் கோட்டு இரண்டாகத் தெரிந்தது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை வேர்த்து விளக்கு நழுவியது. 'உக்காந்துரணும், இல்ல படுத்துரணும்,' என்று நினைத்தாள். முதல் மாணவி உட்காரலாமா என்று அடுத்து நினைத்தாள். அந்த யோசனையில் கால் மடங்கியது.

"அருள்!" என்று முதலில் கத்தியது யார் என்று தெரியவில்லை. தரையில் கன்னம் பட்டதும் தங்கமணிக்கு அப்பாடா என்று இருந்தது. படுத்தாயிற்று. இப்படியே விட்டால் போதும். யாராவது காலைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் இன்னும் நல்லது.

யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"சாமி கீழ கிடக்கக் கூடாது! சிம்மாசனத்தக் கொண்டாங்க!"

உட்காரவைத்து, சரிந்துவிடாமல் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்தார்கள். முகத்துக்கு நேரே கற்பூரம். பம்பைக்காரர் காதோரம் வந்து நின்றார். கூட்டம் கொஞ்ச நஞ்சம் வந்த காற்றையும் அடைத்துக்கொண்டு நெருங்கியது. தங்கமணியின் தலை மார்பில் விழுந்தது, பிடித்திருந்தவர்கள் நிமிர்த்தினார்கள், மறுபடி விழுந்தது. "அம்மா தலையாட்டறா!" என்று கூட்டம் சிலிர்த்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மஞ்சள் சேலைகள் வந்தன. தங்கமணி அரைக்கண்ணில் பார்த்தாள். அத்தனை பேரும் நர்ஸ்கள். அத்தனை பேரும் தான் தனிவகுப்பு எடுத்தவர்கள். உயிர் வந்தது அவளுக்கு. உதட்டை அசைத்து, "படுக்க..." என்றாள். சத்தம் வரவில்லை.

ஸ்வாதி வரைபடத்தைக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள். விரலை வைத்து வாசித்தாள். "கண் சொருகியிருக்குது. ஆமாம். வேர்க்குது. ஆமாம். பேச்சு..."

"படுக்க... தண்ணி..."

"குழறுது. ஆமாம்." விரல் கீழே வந்து சேர்ந்தது. ஸ்வாதியின் முகத்தில் ஒரு சின்னச் சந்தேகம் தோன்றியது. தங்கமணி அதைப் பார்த்தாள்; அந்தச் சந்தேகத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள நினைத்தாள். ஆனால் ஸ்வாதிக்குத் தனிவகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. யோசிக்காமல் முதலில் கைகூப்பினாள். கை இரண்டும் சேர்ந்ததும் வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

"பாருங்க, பாருங்க!" என்றார் அசோக்குமார், கம்பெனி அதிகாரிகளிடம். "சிலபஸ்லயே இல்லாத பிராக்டிகல். யாராச்சும் பதறினாங்களா? யாராச்சும் ஆம்புலன்ஸ்னு கத்தினாங்களா? இதுதான் ட்ரெய்னிங்!"

அதற்குள் கேள்விகள் ஆரம்பித்துவிட்டன. "தாயே, ஓசூருக்கு ஏர்போர்ட் எப்ப வரும்?" என்றார் பாகலூர் ரோட்டில் மனை வாங்கிப் போட்டிருந்த ஒருவர். "காண்ட்ராக்ட்ல இருக்கறனுங்க, பர்மனென்ட் பண்ணுவாங்களா?" என்றான் ஒரு யூனிஃபார்ம்காரன். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் கன்னடத்திலும், தக்காளி போட்டு நொந்திருந்த ஒருவர் தெலுங்கிலும் கேட்டார்கள். தங்கமணிக்கு ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரிய வேண்டியிருந்தது: இப்படியே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தால், மூளைக்கு ரத்தம் இன்னும் எவ்வளவு நேரம் ஏறும்? அந்தக் கேள்விக்குரிய பாடத்தை அவள் ஒரு காலத்தில் நன்றாகப் படித்திருந்தாள். பயத்தில் அழுகை வந்தது. கண்ணீர் வழிந்தது.

"அம்மா மனசு இரங்கிட்டா!" என்றார் சிவராஜ்.

"தள்ளுங்கய்யா அங்கிட்டு!"

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். மாலையும் கழுத்துமாக இருளாயி, பின்னாலேயே வெள்ளைச்சாமி.

"என்னத்த வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீக? அந்தப் புள்ள மயங்கிக் கெடக்கு. கீழ படுக்கப் போடுங்க!"

சிவராஜ் குறுக்கே வந்தார். "அம்மா, நீங்களே இப்படிப் பண்ணலாங்களா? சாமி இறங்கியிருக்குது. மேல கை வெக்கக் கூடாதுங்க."

"ஏன்யா, நானும் சாமிதான? நீங்கதான சொன்னீக? மாலையெல்லாம் போட்டீக? ஒரு சாமி இன்னொரு சாமியத் தொட்டா உங்களுக்கு என்ன?"

சிவராஜ் வாயைத் திறந்தார். வரைபடத்தில் அதற்கு அம்புக்குறி இல்லை. ஒதுங்கி நின்றார். கூட்டம் இரண்டு அம்மன்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டபடி வழிவிட்டது.

இருளாயி தங்கமணியைச் சிம்மாசனத்திலிருந்து இழுத்துத் தரையில் கிடத்தினாள். வெள்ளைச்சாமி காலைத் தூக்கிப் பிடித்தான். முந்தானையால் விசிறி, கண் தெளிந்த பிறகு மடியிலிருந்து மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை எடுத்து, குழாயை வாயில் வைத்தாள். தங்கமணி உறிஞ்சினாள். வாழ்நாள் முழுக்க மாந்தோப்பில் வளர்ந்தவள், மாம்பழம் இவ்வளவு இனிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

இருளாயி குனிந்து, யாருக்கும் கேட்காமல் அவள் காதில் சொன்னாள்:

"எனக்கும் அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு சிஸ்டர். எல்லாம் காதுல விழுந்துச்சு. வாய்தான் வரலை. பையத் தூக்கிக்கிட்டு நீங்க ஓடியாந்ததப் பாத்தேன். சரி, பொழச்சோம்னு நெனச்சேன். நீங்களும் கும்பிட்டுக்கிட்டு நின்னீக."

தங்கமணிக்கு ஜூஸ் புரையேறியது.

எழுந்து உட்கார்ந்ததும் சிவராஜ் வந்து நின்றார். கம்பெனி அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கொக்கிகளில் எண்கள் பளபளக்கப் பலகை.

"சிஸ்டர், நீங்களே உங்க வாயால சொல்லிருங்க. யோசிச்சிச் சொல்லுங்க. மயக்கமா? அருளா?"

தங்கமணி அன்றைக்கு யோசிக்கவில்லை. "மயக்கமுங்க சார்," என்றாள். "இருளாயிக்கு அன்னைக்கு வந்ததும் மயக்கந்தானுங்க."

பம்பை நின்றுவிட்டது. சிவராஜ் அசோக்குமாரைப் பார்த்தார். அசோக்குமார் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"மூணாம் அமர்வுல சொல்லியிருக்கேன். நோயாளி தனக்குத் தானே நோய் சொல்லக் கூடாது."

"அப்ப நான் நோயாளின்னு ஒத்துக்கறீங்களா சார்?"

"பக்தை," என்று திருத்தினார் அசோக்குமார். "பயிற்சி பெற்ற செவிலியர்கள் இத்தனை பேர் இருக்காங்க. அவங்க சொல்லட்டும். அருள்னு நினைக்கிறவங்க கையத் தூக்குங்க."

மஞ்சள் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாக மிஞ்சியது ஸ்வாதி. தங்கமணி அவளையே பார்த்தாள். ஸ்வாதி பக்கத்தில் வந்து குனிந்து, "அக்கா, என் சர்டிபிகேட்ட இன்னும் கையில குடுக்கலைங்க அக்கா," என்றாள். பிறகு, கல்லீரல் போல எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, கையைத் தூக்கினாள்.

இப்படியாக, ஜனநாயக முறைப்படி, ஒரு எதிர்ப்பு வாக்குகூட இன்றி, அந்த மயக்கம் ஒழிக்கப்பட்டது. நோயாளிக்கு வாக்குரிமை இல்லை. பலகையில் எண் ஏறியது. 'பாதுகாப்பான ஆலயம்' விருது கிடைத்தது. நிதியும் வந்தது. உண்மை பேசிய தங்கமணியைத் தண்டித்திருப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. சிவராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அருள் வந்து தெளியற நேரத்துல சாமி நம்மளச் சோதிக்கும் சிஸ்டர். நான் மனசுல வெச்சுக்கல," என்று மன்னித்தார். அம்மனே இறங்கிய நர்ஸ் என்பதால் அவளைத் தொடர்கல்வியின் தலைமைப் பயிற்சியாளராக உயர்த்தினார். வேண்டாம் என்று சொல்லத் தங்கமணி இரண்டு நாள் வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மஞ்சள் சேலையை இஸ்திரி போட்டாள்.

கூடவே ஒரு விதியும் வந்தது. மாம்பழ ஜூஸ் அருளைக் கலைத்துவிட்டதாக விசாரணையில் தெரியவந்ததால், வெளிப் பானங்கள் கோயிலுக்குள் தடை. வாசலில் செக்யூரிட்டி மடியைத் தட்டிப் பார்த்து அனுப்பினார்.

தை மாதத்தில் இரண்டாவது பயிற்சி முகாம். புது நர்ஸ்கள், புது உறுப்புகள். தங்கமணி வரைபடத்தைத் திரையில் காட்டினாள். அம்புக்குறிகளை விளக்கினாள். ஒரு பெண் எழுந்து, மூச்சே விடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். "நல்ல கேள்வி, எல்லாரும் கைதட்டுங்க," என்றாள் தங்கமணி. அவள் குரலில் அசோக்குமார் பேசினார்.

ஆனால் அனுபவம் யாருக்கும் வீண்போவதில்லை. மதியச் சாப்பாடு முடிந்து சிவராஜும் மற்ற நிர்வாகிகளும் கைகழுவப் போயிருந்த நேரத்தில், தங்கமணி கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடம் நடத்தினாள்.

"எல்லாரும் கைப்பையில எப்பவும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் வெச்சுக்குங்க. தல சுத்தற மாதிரி இருந்தா ஓரமாப் போய் வாயில போட்டுக்குங்க. யாருகிட்டயும் காட்டிக்காதீங்க. விழுந்துட்டீங்கன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க."

அத்தனை பேரும் குறித்துக்கொண்டார்கள். பயிற்சி முகாமிலேயே ஒருவர்கூடத் தூங்காத வகுப்பு அதுதான். தான் பட்டதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது. அறிவு கையிலிருந்து கைக்கு, பையிலிருந்து பைக்குப் பரவுவது. தொடர்கல்வி என்பதன் முழுப் பொருளும் இதுவல்லாமல் வேறென்ன?

அன்று மாலை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இருளாயி சிம்மாசனத்திலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே நலவாழ்வு மையத்துக்கு வந்தாள். நெற்றி வேர்த்திருந்தது. கை நடுங்கியது.

"சிஸ்டர், ஒரு மாதிரியா வருது. காலையில இருந்து விரதம். ஜூஸை வாசல்லயே புடுங்கிப்புட்டாக. உங்க பையில இருக்கிறதுல ஒரு வாய் குடுங்க."

தங்கமணியின் கை பைக்குப் போனது. ஜிப்பைப் பாதி திறந்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். பலகைக்கு அடியில் நின்று சிவராஜ் நாளைக்கு மாட்ட வேண்டிய எண் தகட்டை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபடியே திரும்பி, இந்தப் பக்கம் பார்த்து, அன்போடு சிரித்தார்.

தங்கமணி ஜிப்பை மூடினாள்.

"இது ஸ்டாஃபுக்கு மட்டுந்தான் இருளாயி," என்றாள். கை இரண்டும் தாமாகவே சேர்ந்துகொண்டன. "உனக்குத்தான் அம்மன் இருக்காளே."